‘கேட்டைத் தொடாதீங்க’ என்று சொன்ன மகனுக்கு

சரவணா,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. என் நலம் என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். வாசலில் ஒன்றும் ஹாலில் ஒன்றுமாக நீ மாட்டிவிட்டுப் போன கேமராவில், நான் கட்டிலை விட்டு எழுந்து வாக்கரைப் பிடிப்பது முதல் பாத்ரூம் கதவைச் சாத்துவது வரை பெங்களூரில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய். மூன்று நாளாக நீ கூப்பிடுகிறாய், நான் போனை எடுக்கவில்லை. எடுத்தால் பேச ஆரம்பிப்பேன். நான் பேச ஆரம்பித்தால் நீ, “அப்பா, ஒரு கால் வருது, ரெண்டு நிமிசத்துல கூப்பிடுறேன்” என்பாய். கோபக்காரனை ரெண்டு நிமிடம் காக்க வைத்தால் கோபம் ஆறிவிடும் என்பது நீ உன் அம்மாவிடம் கற்றுக்கொண்ட வித்தை. இந்தக் கோபம் ஆறக் கூடாது. அதனால் எழுதுகிறேன். என் தம்பி, உன் சித்தப்பா முருகேசன், பதினேழு வருடம் கழித்து என்னைப் பார்க்க நம் வீட்டு வாசலுக்கு வந்தான். நீ அவனைத் திருப்பி அனுப்பினாய். அதை என்னிடம் மறைக்கவும் செய்தாய். இந்தக் கடிதம் அதற்குத்தான்.

உனக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன், பிறகு திட்டுகிறேன். முப்பத்தோரு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே தேய்ந்த முட்டி இது. ஆபரேஷன் வேண்டாம், தைலம் போதும் என்று நான் சண்டித்தனம் பண்ணியபோது, லீவு போட்டுவிட்டு வந்து, மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தவன் நீ. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாய். பெட்பேன் எடுக்க ஆயா வரத் தாமதமானால் முகம் சுளிக்காமல் நீயே எடுத்தாய். இந்தக் காலத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும் இப்படிப் பிள்ளை என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. புது முட்டியில் கிருமி தொற்றினால் ஆபத்து, கூட்டம் சேர்க்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதையும் நான் காதால் கேட்டேன். அதையெல்லாம் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் டாக்டர் கூட்டம் வேண்டாம் என்றார். நீ ஆளே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டாய். ‘பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அடித்து, பிளாஸ்டிக் ஒட்டி, கேட்டில் கம்பி போட்டுக் கட்டினாய். என் வீட்டுக்கு யார் வரலாம் யார் வரக் கூடாது என்று எழுதித் தொங்கவிடும்போது, உள்ளே படுத்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பதினைந்து நாள் கழித்து, மருமகளுக்கு லீவு முடிந்தது, குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை என்று உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நாலு தெரு தள்ளி இருக்கும் செல்வியைப் பகல் துணைக்குப் போட்டாய். அந்தப் பெண்ணிடமும், “ரூல்னா ரூல்க்கா, யார் வந்தாலும் கேட்டைத் திறக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாய். மறுநாளே கேமரா வேலை செய்யவில்லை என்று நீ அனுப்பிய இன்டர்நெட்காரன் வந்தான். திண்டுக்கல் புழுதி முழுவதையும் செருப்பில் அப்பிக்கொண்டு, தும்மியபடியே, என் கட்டில் வரைக்கும் வந்து ஒயரை இழுத்தான். அவனைத் தொட்டால் கிருமி ஒட்டாது போலிருக்கிறது.

விஷயம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். ஆபரேஷன் ஆகி நாலாவது வாரம் ஒரு காலையில், கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, நாட்டாட்டுக் கால் ரெண்டு கிடைத்தால் சூப் வைத்துக் குடிக்கலாம், எலும்புக்கு நல்லது என்று சும்மாதான் சொன்னேன். செல்வி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஐயா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கிராதீக.”

“சொல்லும்மா.”

“போன வாரம் ஒருத்தரு வந்தாருய்யா. ஒங்கள மாதிரியே நெத்தி, ஒங்கள மாதிரியே காது. மஞ்சப் பையில வாட்டுன ஆட்டுக்காலு நாலு கொண்டாந்துருந்தாரு. ஆத்தூருலருந்து வாரேன், அண்ணனப் பாக்கணும்னாரு. நான் தொறக்கத்தேன் போனேன். அதுக்குள்ள வாசல்ல இருக்குற கேமராப் பொட்டிக்குள்ளருந்து பெங்களூருத் தம்பி பேசிட்டாப்ல. சித்தப்பா, அப்பா தூங்குறாங்க, அப்புறம் பாக்கலாம்னு. அவரு, சரிப்பா, உள்ள வரல, சன்னல் வழியா ஒரு தடவ மொகத்த மட்டும் பாத்துட்டுப் போயிர்றேன்னு கேட்டுல கைய வச்சாரு. கேட்டைத் தொடாதீங்க சித்தப்பா, இன்ஃபெக்‌ஷன் ஆயிரும்னாப்ல தம்பி.”

“அவன் என்ன செஞ்சான்?”

“கைய எடுத்துட்டாருய்யா. எடுத்து வேட்டியில தொடச்சாரு. செத்த நேரம் அப்படியே நின்னாரு. நீங்க முழிச்சுத்தேன் இருந்தீக. டிவியில நியூசு ஓடுச்சு. நீங்க இருமுனது வாசலுக்கே கேட்டுச்சு.”

ஆட்டுக்காலை உள்ளே வாங்கவும் நீ விடவில்லையாம், வெளிச் சாப்பாடு கூடாதென்று. நோயாளிக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்று அவன் அதைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நாய் இழுத்துவிடுமே என்று செல்வி வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிள்ளைகளுக்கு சூப் வைத்துக் கொடுத்துவிட்டாள். “அன்னையிலருந்து மனசு கெடந்து அடிச்சுக்கிதுய்யா” என்றாள். சூப் நன்றாக இருந்ததா என்று கேட்டேன். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு அழுதாள். அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். “ஏலே, என்னையப் பாக்க யாராச்சும் வந்தாங்களா?” என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்காமல், “யாரும் வரலப்பா” என்றாய். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உன்னை எந்த நாளும் மன்னிக்கக் கூடாது என்று அப்போது தோன்றியது.

நீ படித்த படிப்பில் இது இருக்காது, அதனால் சொல்கிறேன். நம் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டால்தான் போவார்கள். கூப்பிடாமல் போனால் கௌரவக் குறைச்சல். பேச்சு வார்த்தை முறிந்த வீட்டில் யார் யாரைக் கூப்பிடுவது? சாவுக்குக் கூப்பிடாமலே போகலாம். ஆனால் அங்கே பேச வேண்டியவன் பாடையில் கிடப்பான். மிச்சம் இருப்பது நோய் ஒன்றுதான். ஒருவன் உடம்புக்கு முடியாமல் கிடக்கிறான் என்றால் வெட்டுப் பழி குத்துப் பழி இருந்தாலும் ரொட்டியோ பழமோ வாங்கிக்கொண்டு போய் நிற்கலாம். எவனும் ‘ஏன் வந்தாய்’ என்று கேட்க மாட்டான். யார் முதலில் இறங்கி வந்தது என்ற கணக்கும் கிடையாது. பகையாளிக்கு மானம் போகாமல் உள்ளே வர இருக்கிற ஒரே வழி அது. என் முட்டி தேய்ந்து அறுபத்து நாலு வயதில் எனக்கு அந்த வழி திறந்தது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவன் வந்தான். நீ அடைத்துவிட்டாய். இன்னொரு தடவை அவன் வர வேண்டுமென்றால் நான் எதை உடைத்துக்கொண்டு படுப்பது?

இப்போது என் முறை. உன்னைத் திட்டும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பஸ் சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ எட்டாம் வகுப்பு. பரீட்சை லீவுக்கு ஒரு வாரம் ஆத்தூரில் சித்தப்பா வீட்டில் இருந்துவிட்டு, அவனோடு கிளம்பி, காலை முதல் ட்ரிப்பில் என் பஸ்ஸிலேயே ஏறினாய். மார்க்கெட்டுக்கு ரெண்டு மூட்டை கத்தரிக்காய் ஏற்றினான். அதற்கு முந்தின வாரம்தான் லக்கேஜுக்கு டிக்கெட் போடாமல் விட்டதற்கு செக்கிங்கில் மாட்டி மெமோ வாங்கியிருந்தேன். மூட்டைக்கு டிக்கெட் எடு என்றேன். “நம்ம பஸ்ஸுதானண்ணே, எறங்குறப்பப் பாத்துக்கிருவோம்” என்று பஸ் முழுவதும் கேட்கச் சிரித்துக்கொண்டே சொன்னான். தெரிந்த சனம் அம்புட்டும் சிரித்தது. எனக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. “டிக்கெட் எடு, இல்லைன்னா எறங்கு” என்று விசிலை ஊதினேன். செம்பட்டிக்கு முன்னால், நிழலுக்கு ஒரு மரமில்லாத இடத்தில், கூடப் பிறந்தவனை மூட்டையோடு இறக்கிவிட்டேன். நீ ஜன்னலில் தலையை நீட்டி அவனையே பார்த்துக்கொண்டு வந்தாய். திண்டுக்கல் வரைக்கும் அழுதாய். நான் என்ன சொன்னேன்? “ரூல்னா ரூல்டா. தம்பியா இருந்தாலும் ரூலுதான்” என்றேன். அந்த மூட்டைக்கான டிக்கெட்டை என் சட்டைப் பையிலிருந்து நானே போட்டிருக்கலாம் என்பது எனக்கு மறுநாள்தான் தோன்றியது. அப்படிப்பட்ட மூளை எனக்கு.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அண்ணன் தம்பிச் சண்டை, ஒரு பொங்கலுக்குச் சரியாகியிருக்கும். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அடுத்த வருடமே உன் சித்தி பாக்கியத்துக்கு மஞ்சள் காமாலை முற்றி, திண்டுக்கல்லில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒன்பது நாள் கிடந்தாள். பிழைப்பது சந்தேகம் என்று சொன்னார்கள். என் பஸ் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று போகும். ஒரு நாளைக்கு எட்டு தடவை. “ஆஸ்பத்திரி எல்லாம் எறங்கு” என்று நானே சத்தம் போடுவேன். தூக்குவாளியும் பழப்பையுமாக ஊர்க்காரர்கள் இறங்குவார்கள், இறங்கும்போது என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் விசிலை ஊதிவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழிப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முருகேசன் வாசலில் நின்றிருந்தான். மருந்துச் சீட்டோ என்னவோ கையில். பஸ்ஸைப் பார்த்தான். நான் இறங்குவேன் என்று ரெண்டு எட்டு முன்னால் வந்தான் சரவணா. நான் டபுள் விசில் கொடுத்தேன். உன் அம்மா எனக்குத் தெரியாமல் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அவளாவது போனாளே.

ஆக, உன் சித்தப்பா அன்றைக்கு யார் வாசலுக்கு வந்தான் என்று இப்போது யோசித்துப் பார். தன் பெண்டாட்டி சாகக் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவனின் வாசலுக்கு ஆட்டுக்காலை வாட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். சுரை போட்டால் அவரையா முளைக்கும்? உனக்கு ரூல் கற்றுக் கொடுத்தவன் நான்தான். கற்றுக் கொடுத்தவனுக்கே நீ பாடம் நடத்திவிட்டாய். அதற்காக உன்மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. என்மேலும் சேர்த்துக் கோபமாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

செல்வி இதைச் சொல்லும்வரை நான் முட்டி எக்சர்சைஸில் உன்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கேமரா பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, அஞ்சு தடவை மடக்கிவிட்டுப் பத்து என்று சத்தமாக எண்ணுவேன். அப்படி ஒரு வலி. தசைக்குள் யாரோ கயிறு கட்டி இழுக்கிற வலி. செல்வி சொன்ன அன்றிலிருந்து ஏமாற்றவில்லை. பிசியோதெரபிக்கு வரும் பையனிடம், “தம்பி, டவுன் பஸ்ஸுல ஏறணும்னா முட்டி எம்புட்டு மடங்கணும்?” என்று கேட்டேன். “இப்ப எதுக்கு சார் பஸ்? ஆட்டோல போங்க” என்றான். ஆட்டோவில் போவதற்கு நான் எதற்கு மடக்க வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினேன். ஐஸ் வைத்தேன், மறுபடி மடக்கினேன். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால் என்று சொல்லிக் கொடுத்து, மாடிப்படியில் ஏற்றி இறக்கிப் பழக்கினான். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. ஏழாவது வாரம் செக்கப்பில் டாக்டர், ஜாக்கிரதையாக வெளியே நடக்கலாம் என்றார். மறுநாள் காலையில் செல்வியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கேட்டைத் தாண்டும்போது உன் குரல் கேட்டது. “அப்பா, எங்க போறீங்க? செல்வியக்கா, அப்பாவை உள்ள கூட்டிட்டுப் போங்க.” சுவரில் இருக்கிற பொட்டியிடம் நின்று பதில் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. வந்துவிட்டேன்.

ஆத்தூர் பஸ்ஸில்தான் போனேன். கண்டக்டர் பையனுக்கு என்னைத் தெரியவில்லை. பெரியவருக்கு சீட் விடுங்க என்று சத்தம் போட்டான். டிக்கெட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செம்பட்டிக்குக் கொஞ்சம் தள்ளி அந்த இடம் வந்தபோது வெளியே பார்க்காமல் கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையில் ஒரு ரொட்டி, ஆறு ஆரஞ்சு. யாருக்கு என்று செல்வி கேட்டாள். உடம்புக்கு முடியாதவர்களைப் பார்க்கப் போகிறோம் என்றேன். பாக்கியம் வாசலில் கத்தரிக்காயில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். ஆரஞ்சுப் பையை நீட்டி, “ஒடம்பு எப்படித்தா இருக்கு?” என்று கேட்டேன். பையைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“என்ன மாமா, இப்பத்தேன் பஸ்ஸு வந்துச்சா?” என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சிரிப்பு முடிவதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ் ரொம்ப லேட்டு என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் ஆள் அனுப்பித் தோட்டத்திலிருந்து அவனை வரவழைத்தாள். வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே காலைப் பார்த்தான்.

“மடங்குதா?” என்று கேட்டான்.

பதினேழு வருடம் கழித்து என் தம்பி என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. மடங்குது என்றேன். உள்ளே போய் உயரமான சேர் ஒன்றைத் தூக்கிவந்து போட்டான். காபி வந்தது. மழை, கத்தரி விலை, யார் யார் செத்துப் போனார்கள் என்று பேசினோம். ஆஸ்பத்திரி வாசலில் நான் இறங்காததைச் சொல்லி, தப்புதாண்டா என்றேன். விடுண்ணே என்றான். மத்தியானம் இலை போட்டு, கோழிக்குழம்பும் தொட்டுக்கொள்ள ரெண்டு வெஞ்சனமும் வைத்தார்கள். கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாடா என்று கூப்பிட்டேன். அப்போதுதான் அவன் முகம் மாறியது.

“நான் ஒன்னையப் பாக்க வந்தேன். நீ என்னையப் பாக்க வந்துட்ட. நம்ம கணக்குத் தீந்து போச்சு. ஆனா அந்த வீட்டுக்கு இனி வரமாட்டேண்ணே.”

“அவன் சின்னப் பயடா. அறியாமச் சொல்லிட்டான்.”

“புள்ள பெத்தவன் சின்னப் பயலா?” என்றான். பிறகு சொன்னான்: “நீ பஸ்ஸ விட்டு எறக்குனப்ப எனக்குக் கோவந்தாண்ணே வந்துச்சு. அவன் சொன்னப்பக் கோவம் வரல. கூசிப்போச்சு. ரோட்டுல நின்னு என் கைய நானே பாத்துக்கிட்டேன். அவன் பொறந்தப்ப ஒனக்கு முந்தி நான்தேன் அவனக் கையில வாங்குனேன்.”

அது உண்மை. நான் அன்றைக்கு டூட்டியில் இருந்தேன்.

திரும்பி வந்து மூன்று நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைப்பாய்; உன் மூளை அப்படித்தான் போகும். அதைச் செய்யாதே. பொட்டி வழியாகச் சொன்னதைப் பொட்டி வழியாகவே துடைக்க முடியாது. பழக்கூடை ஆன்லைனில் அனுப்புகிற வேலையும் வேண்டாம். வருகிற சனிக்கிழமை ராத்திரி ரயில் ஏறு. இங்கே இறங்கியதும் என்னைப் பார்க்க வராதே, எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஆத்தூர் பஸ்ஸில் ஏறு. கார் எடுக்காதே. அவன் தோட்டத்தில் இருப்பான். சேற்றுக் கையோடுதான் இருப்பான். போய் அந்தக் கையைப் பிடி. அவன் இழுத்துக்கொண்டால் மறுபடி பிடி. என்ன பேசுவது என்று என்னிடம் கேட்காதே. பிடிக்கத் தெரிந்தால் பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை. பாக்கியம் சாப்பாடு போட்டால் கைகழுவிவிட்டு உட்கார். போடாவிட்டால் பசியோடு திரும்பு.

அவன் வந்தால் உட்காரச் சேர் எடுத்துப் போட்டிருக்கிறேன், என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே. நீ ஆத்தூர் போனாயா, இல்லையா என்று உன்னிடம் கேட்க மாட்டேன். போனேன் என்று நீ சொன்னாலும் நம்ப மாட்டேன். அவன் வந்து சொல்லட்டும்.

அப்பா